அடியாள் நம்பர் நாலு

படத்தில் அவன் வருவது மூன்று விநாடி.
மதகுப் பலகைமேல் அரிவாளோடு ஓடிவந்து
தாடையில் ஒன்று வாங்கி
மல்லாக்க ஆற்றில் விழுவான்.
கட்டம்போட்ட சட்டை. முகம்கூடச் சரியாகத் தெரியாது.

'ஏழாம் மதகு' வந்த வருஷம்
எங்கள் ஊரில் ஒன்பது நாள்தான் ஓடியது.
பிறகு சிடி வந்து, கேபிள்காரர் மாதம் ஒருமுறை போட்டுப்போட்டு,
இன்று ஆட்டோ ஸ்டாண்டில் சில்லறை கேட்பதே
அதன் வசனத்தில்தான்.
திருத்துறைப்பூண்டிப் பிள்ளைகளுக்கு
பல் முளைக்கும் முன்பே வரும் அந்த வரி:
"தண்ணி வந்தாச்சு. நீ கெளம்பு."

அதைப் பாட்டு நாடகமாகப் போடலாம் என்று
கிளம்பினார் மைக்செட் சம்சுதீன்.
ஆடியில் கல்யாண மண்டபம் பாதி வாடகை.
கீபோர்டுக்குச் சர்ச்சிலிருந்து ரெஜினா.
குத்துக்கு ஒரு தட்டு, உதைக்கு இரண்டு,
தப்புக்காரர்களுக்கு அவ்வளவுதான் கணக்கு.
நாயகன் கலியமூர்த்தி,
கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோச் சிப்பத்தைத்
தோளுக்கொன்றாய் ஏற்றுகிறவன்.
பாட்டு எழுத நான்.
தாலுக்கா ஆபீஸ் எதிரே மனு எழுதுகிறவளுக்கு
எதுகை தானாக வரும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கல் இதுதான்:
நாயகன் படம் முழுக்கப் பேசுவதே பதினோரு வரி.
மூன்று பல்லவி எழுதிக் கொடுத்தேன்.
கலியமூர்த்தி நன்றாகத்தான் பாடினான்.
பாடப் பாட, யாரோ கல்யாணத்துக்கு வந்தவன்போல ஆனான்.
"இவன் பாடினா அடி வலிக்காதுக்கா" என்றாள் ரெஜினா.

அன்றிரவு படத்தை ஓடவிட்டு, நிறுத்தி,
மறுபடி ஓடவிட்டு,
விழுகிறவனைப் பார்த்தேன்.
வாய் திறந்திருக்கிறது.
என்ன சொன்னான் என்பதைப் பின்னணி இசை தின்றுவிட்டது.
எனக்குத் தெரிந்த ஒரே யாப்பில் எழுதினேன்:

அனுப்புநர்: அடியாள் நம்பர் நாலு, ஏழாம் மதகு, கடைமடை.
பெறுநர்: உயர்திரு கதாநாயகர் அவர்கள்.
பொருள்: என்னை அடிப்பது தொடர்பாக.
ஐயா,
எனக்கும் மூன்று மா நிலம் இந்தத் தண்ணீரை நம்பித்தான்.
மேற்படி அரிவாள் என்னுடையது அல்ல.
பேசிய கூலி இருநூறு இன்னும் கைக்கு வரவில்லை.
தாங்கள் ஓங்கிய கையை
உரிய விசாரணைக்குப் பின் இறக்கும்படி…

மூன்று விநாடி நாலு நிமிஷமானது.
அதுவரை கலியமூர்த்தி முஷ்டியைத் தாழ்த்தக் கூடாது.

மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆள்.
விழுகிற ஒவ்வொருவனையும் கூட்டமே எண்ணியது,
ஒண்ணு, ரெண்டு, மூணு.
நாலுக்கு வாய் திறந்தபோது
லைன்மேன் பக்கிரிசாமி பாட ஆரம்பித்தான்.
கம்பத்தில் ஏறிக் கீழே இருப்பவனைக் கூப்பிடுகிற குரல்.

"அடிண்ணே!" பின்வரிசையில் ஒருவன்.
"இர்றா, ஆளு முடிக்கட்டும்."
அதுவும் ஆட்டோ ஸ்டாண்டுக் குரல்தான்.

கூலி என்ற இடத்தில் கலியமூர்த்தியின் கை நடுங்கியது.
நடிப்பா வலியா, நான் கேட்கவில்லை.
சிப்பம் என்றால் இறக்கி வைத்திருப்பான்.

அடித்தான்.
தப்பு அரைத் தட்டு பிந்தியது.
பக்கிரிசாமி மணமகள் அறை மெத்தைமேல் விழுந்தான்.
"தண்ணி வந்தாச்சு" என்றான் கலியமூர்த்தி.
மீதியை ஊரே கூடச் சொல்லும்.
யாரும் சொல்லவில்லை. அவனும்.
ரெஜினா ஒரு கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே இருந்தாள்.

மெத்தைக் கிழிசலுக்கு முந்நூற்றைம்பது
பிடித்துக்கொண்டார் மேனேஜர்.
அடுத்த ஆட்டம் முத்துப்பேட்டை.
நாலாவது ஆளுக்கு ஒரு பேர் வைப்போமா என்றேன்.
முதுகில் தைலம் தேய்த்தபடி பக்கிரிசாமி சொன்னான்:
"வேணாங்க. பேர் வெச்சா கலியன் அடிக்க மாட்டான்.
அப்பறம் படம் எப்படி முடியும்?"

காலையில் மேசைக்கு முதல் ஆள் வந்தார்.
வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, மனு வேண்டும்.
தாளை உருளையில் சுற்றிவிட்டு,
வழக்கம்போலத்தான் கேட்டேன்,
"பேர் சொல்லுங்க."