சுற்றி நிற்பவை

ஒன்பதாம் கேள்விக்கு அரை அங்குலக் கட்டம்:
'உங்கள் சர்கம்ஸ்டன்ஸில் மாற்றம் உண்டா?'

டண்டீ உதவித்தொகை அலுவலகத்தில்
இஷ்பெல் கெடஸ் பேனாவை உதறுகிறாள். மை வரவில்லை.

மருத்துவர் 'நிலைமை' என்றார்,
டூகலின் நுரையீரலைப் படத்தில் காட்டி.
வானொலி 'நிலவரம்' என்றது, கடலைப் பற்றி;
தினமும் அதைக் கேட்டபடிதான் இருவரும் தேநீர் குடித்தார்கள்,
படகே இல்லாதவர்கள்.
வீட்டுக்காரர் 'நிபந்தனை' என்றார்: நாய் கூடாது.
பாதிரியார் மட்டும் எந்தச் சொல்லையும் எடுக்காமல்
தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல்லை லத்தீனில் பிரித்தால்
சுற்றி நிற்பது என்று வரும்.
தமிழிலும் அதேதான்: சூழ், நிலை.
அப்படியென்றால் எண்ணிவிடலாம்:
காசு போட்டால் எரியும் மீட்டர்,
கொடியில் இன்னும் உலராத சட்டை,
கட்டிலின் இடப்பக்கம்,
கட்டிலடியில்
குரைக்கக் கூடாதென்று தெரிந்துகொண்ட நாய்.
நின்றவர்களில் ஒருவன் இல்லை.

'சுருக்கமா எழுதினா போதும்' என்கிறான்
கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பையன்.

அவன் பேனாவையே வாங்கி எழுதுகிறாள்:
'உண்டு.'
பிறகு கொஞ்சம் யோசித்து
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்:
'நாய் கிடையாது.'