எஞ்சினை அணைக்காமல்

செய்தித்தாளில் நான்கு அங்குலம் ஒதுக்கியிருந்தார்கள்.
ஆர்டிஸ் டோலஃப்ஸன், வயது எண்பத்து மூன்று,
ஹெல்மர் லூத்தரன் சபையின் மூத்த அங்கத்தினர்,
அன்பு மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய்,
ஒட்டுப்போர்வை தைப்பதில் மிகுந்த விருப்பமுள்ளவர்.

ஊசி என்றாலே அவளுக்கு ஆகாது.
வியாழக்கிழமை தையலுக்குப் போனது
பேச்சுக்காக, காப்பிக்காக,
எந்த வீட்டு மருமகள் எந்த வீட்டில்
முகம் கொடுப்பதில்லை என்ற தகவலுக்காக.
அவள் வாசல் தாண்டியதும்
அவள் போட்ட தையலை மார்லிஸ் பிரித்துவிட்டு
மறுபடி போடுவாள்.
அதுவும் அவளுக்குத் தெரியும்.

ரோல்ஃப் கோதுமைக்குள் மூழ்கினான்.
தண்ணீர் இல்லை, கோதுமை.
கிடங்கின் அடியில் மதகைத் திறந்தவன் நான்.
மேலே நின்றவனுக்கு வயது பத்தொன்பது.
அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு
கோயில் படி மிதிப்பதில்லை என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் கையுறையைத் தேடினாள்.
பிறகு கேட்டாள்:
"சரி, வண்டியை யார் ஓட்டுவது?"

பனியில் வண்டி ஓட்டக் கடைசிவரை
அவள் கற்றுக்கொள்ளவில்லை.
கற்றுக்கொள்ள மறுத்தாளோ என்று
இப்போது தோன்றுகிறது.

நாற்பத்தொரு வருடம்.
வடக்குச் சுவரோரம் வண்டியை நிறுத்தி,
சுழியத்துக்குக் கீழே முப்பது என்றால்
எஞ்சினை அணைக்காமல்,
ரேடியோவோடு உட்கார்ந்திருப்பேன்.
ஞாயிறன்று தானிய விலை சொல்லமாட்டார்கள்.
வானிலை மட்டும்தான்,
அதைக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.
உள்ளே பாடுவார்கள்.
அரைச் சுருதி கீழே ஒரு குரல் இழுக்கும்.
அது என் வீட்டுக் குரல்.

வெளியே வந்ததும் பூட்ஸைத் தட்டி ஏறுவாள்.
காகிதத் துவாலையில் சுற்றிய ஒரு டோனட்டை
என் மடியில் வைப்பாள்.
வேதம் பேசியதில்லை. அழைத்ததும் இல்லை.
"இன்றைக்கு நீ தப்பித்தாய்" என்பாள் சில நாள்,
"போதகர் ஏசாயாவில் இறங்கிவிட்டார்,
ஏறி வரத் தெரியவில்லை."

செவ்வாய்க்கிழமை உள்ளே போனேன்.
போகாமல் முடியுமா,
பெட்டி முன்னால் போகிறது.

மார்லிஸ் என்னை அவள் இடத்தில் உட்காரவைத்தாள்.
இடப்பக்கம், நான்காம் வரிசை, ஓரம்.
ஜன்னலில் மேய்ப்பர் நிறைய நிறத்தோடு நிற்கிறார்.
எப்போதோ ஆலங்கட்டி விழுந்து
ஒரு ஆடு உடைந்துபோயிருக்கிறது.
சபையிடம் அப்போது காசில்லை,
ஆடு இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி.
அந்த வெறும் கண்ணாடி வழியே
நான் வண்டி நிறுத்தும் இடம்,
அளந்து வைத்தாற்போல்.

அடக்கம் முடிந்து மார்லிஸிடம் கேட்டேன்.
"அதுவா, காலடியில் ஹீட்டர் குழாய் இருக்கிறது,
அவளுக்கு முட்டிவலி" என்றாள்.
இருக்கலாம்.
முட்டிவலி பத்து வருடமாகத்தான்.
இடம் எத்தனை வருடம் என்று
நான் கேட்கவில்லை.

வாரம் முழுக்கப் பாத்திரங்கள் வந்தன.
பதினொன்று. எல்லாம் எங்கள் வீட்டுடையவை.
யாருக்கோ பேறுகாலம், யாருக்கோ இடுப்பெலும்பு,
யார் வீட்டிலோ சாவு என்று அவள் கொண்டுபோனவை.
அடியில் ஒட்டிய நாடாவில்
அவள் கையெழுத்தில் எங்கள் குடும்பப் பெயர்.
வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாதாம்.
குளிர்பெட்டி முழுக்க உருளைக்கிழங்கு.
மகள்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.
நான் ஒருவன் எவ்வளவு தின்பது.

நேற்று ஞாயிறு.
போகவேண்டிய வேலை எதுவும் இல்லை.
ஒன்பதரைக்கு வடக்குச் சுவரோரம் நிறுத்தினேன்.
வெளியிலிருந்து பார்த்தால்
அந்தக் கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது,
உள்ளே யார் இருந்தாலும் தெரியாது.
பாடினார்கள். சுருதி சரியாக இருந்தது.

கலைந்தபோது மார்லிஸ் பனியில் நடந்துவந்து
ஜன்னலைத் தட்டினாள்.
காகிதத் துவாலையில் ஒரு டோனட்.
"பிரசங்கம் எப்படி?" என்றேன்.
"நீளம்" என்றாள்.