களவு என்று எழுதுங்கள்

நேந்திரங்காய் வறுவல் கால் கிலோ.
அதை நிறுத்துத் தருகிற நேரம்தான்.
வண்டியின் மூக்கு களியக்காவிளையில்,
வால் இஞ்சிவிளையில்.
சாவி அதன் இடத்தில்.
ஏசிக் குளிர் போய்விடக் கூடாதென்று
இன்ஜினை ஓடவிட்டிருந்தேன்.

சூடான பொட்டலத்தோடு திரும்பினால்
தார்ச்சாலையில் நனையாத ஒரு நீள்சதுரம்.
தூறல் அதையும்
புள்ளி புள்ளியாக எடுத்துக்கொண்டிருந்தது.

"பின்சக்கரம் அங்கதான நின்னு?
பாறசாலைக்குப் போங்கம்மா" என்றார் இந்தப் பக்கம்.
"ஸ்டியரிங் தமிழ்நாட்டிலல்லே, சேச்சி?"
என்றார் அந்தப் பக்கம்.
களவு போச்சு சார், என்றேன்.
ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார்.
அங்கே அந்தச் சொல்லுக்குப்
பொய் என்றும் பொருள்.

இன்ஜின் நம்பர்? தெரியாது.
சேசிஸ் நம்பர்? தெரியாது.
ஆர்சி புக்? வண்டிக்குள்.
பின்னே என்னதான் தெரியும் என்று
அவர் கேட்கவில்லை; நானே சொன்னேன்:
இடது பின்கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும்.
இரண்டாம் கியருக்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டும்.
மேற்கூரைத் துணியில் பென்சிலால் ஒரு பூனை,
அதற்கு ஐந்து கால்.
எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார்.

குழித்துறை கோர்ட்டு வாசலில்
வக்கீல் குமாஸ்தா ஞானசிகாமணி
என் மனுவை வாங்கி ஒரு சொல்லை அடித்தார்.
"காணவில்லைன்னா எழுதுவாவ?
காணாமப் போறது ஆடு. மூக்குக்கண்ணாடி.
களவுன்னு எழுதணும்.
எந்த ஸ்டேஷன்லயும் வாங்கித்தான் ஆகணும்,
சீரோ நம்பர் போட்டு.
இன்சூரன்சுக்கு இன்னைக்கே போன் அடி.
ஆர்டிஓவுக்கு ஒரு கடுதாசி."
சொல்லி முடித்து, குரலைத் தாழ்த்தி,
"பூட்டியிருந்தேன்னு சொல்லிடு மக்கா."

பாறசாலை பெட்ரோல் பங்க் கேமராவில்
பதினான்கு நொடி கிடைத்தது.
அவன் சீட் பெல்ட் போட்டிருக்கிறான்.
கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்புகிறான்.
வளைவுக்கு முன் இண்டிகேட்டர்,
நான்கு வருஷத்தில் நான் போட்டே அறியாத இண்டிகேட்டர்,
மழையில் நிதானமாய் மினுக்குகிறது.
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
வண்டி அழகாகத்தான் போகிறது.

மார்த்தாண்டம் கிளையில் கண்ணாடி மேசை.
"ரெண்டு சாவியும் வேணும் மேடம்."
ஒன்றை வைத்தேன்.
காலண்டர் ஆணியில் தொங்கியே புதிதாயிருந்த சாவி.
"மற்றது?"
தங்கசுவாமி மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.
ஒரு களவை அவன் கொண்டுபோய்விட்டான்;
இன்னொன்றை எனக்கு விட்டுப் போயிருக்கிறான்.
"வண்டியிலேயே இருந்தது.
ஓடிக்கொண்டும் இருந்தது" என்றேன்.
அந்தப் பையன் மெதுவாக டைப் செய்தான்.
அலட்சியம் என்பதற்கு
இத்தனை எழுத்தா என்றிருந்தது.
சாவியைத் திருப்பித் தந்தான்.
வீடு வரும்வரை தங்கசுவாமி பேசவில்லை.
ஐந்தாம் தேதி
தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

இப்போதெல்லாம்
நெய்யாற்றின்கரையோ தக்கலையோ,
எங்கே வண்டிகள் வரிசையாய் நின்றாலும்
பைக்குள் கைவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துகிறேன்.
கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி,
பெருநாள் கூட்டத்தில் கோயில் மைதானம்.
ஓசை வராது. நகர்ந்துவிடுவேன்.

போன வாரம் ஒன்று
கீக் என்று பதில் சொன்னது.
வெள்ளை. என்னுடையது சாம்பல்.
அதற்கு அப்பால் ஒருவர்,
கையில் அவருடைய ரிமோட்.
என்னையும் என் கையையும் பார்த்தார்.
பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்,
நாலடி போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை.
நல்ல பழக்கம்.
இன்னொரு சாவி எங்கே வைத்திருக்கிறீர்கள்
என்று கேட்க வாயெடுத்து,
அந்தக் கேள்வி யாருடையதாகக் கேட்கும் என்று தோன்ற,
வேகமாக நடந்தேன்.