நடக்காததன் ரசீது

தாளில் ஐந்தே வரி.
கை கழுவு.
தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை, காயும்வரை பொறு.
தலைமுதல் கால்வரை விரிப்பால் மூடு.
தொடை இடுக்கில் குத்தாதே.
தினமும் கேள்: இந்தக் குழாய் இன்னும் தேவையா?

பெலேம் நகரின் ஆற்றோர மருத்துவமனையில்
மூன்றாம் மாடிக் கணக்கறைக்கு
அது விலைப்பட்டியலாகத்தான் வந்து சேர்ந்தது.
விரிப்பு ஒன்று முப்பத்தெட்டு ரெயால்.
மருந்துக் குப்பி பதினொன்று.
எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க
ஒரு தள்ளுவண்டி, பச்சை வண்ணத்தில்.
பச்சை எதற்கு என்று கேட்டேன்.
"அவசரத்தில் கண்ணில் படணும்" என்றாள் இரசில்டா,
தீவிரச் சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலி.
நான் விரிப்பைச் சிவப்பு மையில் சுழித்தேன்.
சுழித்தால் கோப்பு காத்திருக்கும்.
கோப்பு காத்திருந்தால் பணம் மிஞ்சும்.
பதினேழு வருடமாக எனக்குத் தெரிந்த கணக்கு அது.

மழைக்கு முன்னா பின்னா என்று
நேரம் குறிக்கும் ஊர் எங்களுடையது.
மழைக்குப் பின், இருப்பு சரிபார்க்க
மேலே போனேன்.
டாக்டர் லிந்தோமார் கையுறைக்கு நீட்டிய விரல்
பாதியில் நின்றிருந்தது.
"முதலில் கை, டாக்டர்."
இரசில்டா குரலை உயர்த்தவில்லை.
தாளைக்கூடக் காட்டவில்லை.
கருவிகள் மட்டும் கூவிக்கொண்டிருந்தன.
பிறகு
முப்பது வருட அனுபவம்
குழாயடிக்குத் திரும்பி நடந்தது.
தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

கைகழுவுவது என்றால்
ஒருவரை விட்டு விலகுவது என்றே பழகியவள் நான்.
விடாமலிருக்கக் கழுவும் கையை
அன்றுதான் பார்த்தேன்.

ஏழாம் படுக்கையில் எஜிவான்,
மராஜோ தீவின் படகு இஞ்சின் மெக்கானிக்.
நான்காம் நாள் காலை
ஐந்தாம் வரியை யாரோ வாசித்தார்கள்.
ஒருவருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.
கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள்.
வியாழக்கிழமைப் படகில்
பிளாஸ்டிக் பையும் செருப்புமாக ஏறிப் போனான்,
தனக்கு என்ன நடக்கவில்லை என்று தெரியாமலே.

பழைய கட்டுகளைப் பிரித்தேன்.
குழாய் வழியே கிருமி ஏறிய ஒருவரின் பில்:
பதினோரு நாள் கூடுதல், மூன்று விதமான மருந்து,
இரண்டு முறை டயாலிசிஸ்.
பத்தொன்பதாயிரத்து நானூறு ரெயால்.
முப்பத்தெட்டால் வகுத்தேன்.
ஐந்நூற்றுப் பத்து விரிப்பு, இருபது ரெயால் மீதி.
பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஆண்டு முடிவில் இயக்குநர் கேட்டார்:
"மிச்சம் எங்கே, வால்டெனீசி?"
மிச்சம் இல்லை.
செலவு போன வருடத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.
எஜிவானின் படுக்கை ஆறுவதற்குள்
நடைபாதை ஸ்ட்ரெச்சரிலிருந்து
பிரசவ வலிப்பு வந்த ஒரு பெண்ணை
அதில் கிடத்தினார்கள்.
அதே கட்டில், அதே சம்பளம், அதே மின்சாரம்,
கூட ஓர் ஆள்.
இதை வரவில் எழுதுவதா பற்றிலா
என்று எந்தப் பேரேடும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டுக்கான விரிப்புகளைக் கேட்டு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்:
எதுவும் நடக்கவில்லை.
தலைநகரிலிருந்து திரும்பி வந்தது கோப்பு.
ஆதாரம் இணைக்கவும்.

நடக்காத காய்ச்சலுக்கு யார் பில் போடுவார்கள்?
யாரும் எழாத இரவுக்கு, அடிக்காத மணிக்கு?

ஆனால்
ஆகஸ்டில் ஒன்று நடந்தது.
விரிப்பு தீர்ந்துபோன பன்னிரண்டு நாளில்.
பாதி உடலை மட்டும் மூடிய பழைய துணியில்.
இரண்டாம் படுக்கை. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
பெயரை நான் தெரிந்துகொள்ளவில்லை,
பிறகு தெரிந்துகொண்டேன்.
அந்தப் பன்னிரண்டு நாளும் கோப்பு
என் மேசையில், என் சிவப்புச் சுழியோடு.

அதற்கு ரசீது இருக்கிறது.
எல்லாப் பக்கத்திலும் முத்திரை இருக்கிறது.
நகலெடுத்து
இணைத்தேன்.