பதினோராம் கேள்வி

மாங்குளம் வர்த்தகர் சங்கத்தின் மகஜரை
எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது.
நெல் ஆலைக்காரி என்பதால் அல்ல,
என் கையெழுத்து வாசிக்கக்கூடியது என்பதால்.

பெறுநர்: செயலாளர், மாகாண சுகாதார அமைச்சு.
விடயம்: ஊழியர் மருத்துவக் காப்புறுதிக் கட்டணமும்
வைத்தியசாலைக் குறைபாடுகளும்.

"அழுகையா எழுதாதேங்கோ" என்றார் தலைவர் நகுலேசன்,
டயர்க்கடைக்காரர், பேச்சுக்கும் காற்று அளந்து அடிப்பவர்.
"அழுகை அங்க கனக்கப் போட்டுது, கோப்பில கிடக்கு.
நட்டம் எண்டு எழுதுங்கோ. வாசிப்பினம்."

நட்டம் எழுதினேன்.
ஒரு ஸ்கானுக்கு வவுனியா போய்வர
நோயாளிக்கு ஒரு வேலைநாள், துணைக்குப் போனவருக்கு இன்னொன்று.
நாற்பத்தொரு கடை, மூன்று ஆலை, ஓர் ஐஸ் தொழிற்சாலை.
எங்கள் நாட்கள் ஆண்டுக்கு எத்தனை
ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸில் கழிகின்றன என்று பெருக்கினேன்.
போன சிறுபோகத்தில் நான் அரைத்த மூட்டைகளைவிடப்
பெரிய எண் வந்தது.
திரும்பவும் பெருக்கினேன். அதே எண்தான்.

பிறகு காப்புறுதி.
கொழும்புக் கம்பனியின் பிரதிநிதி வந்திருந்தார்.
மடிப்புக் கலையாத சட்டை. நல்ல பிள்ளை.
தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாமென்றார்.
ஆளொருவருக்கு அங்கே ஒரு விலை,
இங்கே அதைப்போல் ஒன்றரை மடங்கு.
ஏன் தம்பி?
"பதினோராம் கேள்வி, அக்கா."

உடலில் அந்நியப் பொருள் ஏதேனும் உண்டா?
உண்டெனில் எங்கே? எப்போது முதல்?

என் ஆலையில் பதினேழு பேர்.
உமிக்கூட்டடியில் நிற்கும் தவமலருக்கு இடது தோளில்.
லொறி ஏற்றும் அமலதாசனுக்கு
முள்ளந்தண்டை அண்டி மூன்று.
அவித்த நெல் பரப்பும் கோணேசுக்கு
எங்கே என்று அவனுக்கே சரியாகத் தெரியாது.
மாரியில் ஓரிடம் குத்தும், கோடையில் இன்னோரிடம்.
"வாடகை குடாத ஆள் அக்கா, அறை மாறி மாறி இருக்கிறார்"
என்று சிரிப்பான்.

எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும்
எப்போது முதல் என்ற பெட்டிக்குள்
ஒரே ஆண்டைத்தான் எழுதியிருந்தார்கள்.
பிரதிநிதி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு போய்
ஒரு கட்டத்தில் புரட்டாமல் இருந்தார்.
தேத்தண்ணி ஆறிப்போனது.

ஏற்கெனவே இருந்ததற்குக் கம்பனி பொறுப்பில்லை.
அரசாங்கத்தைக் கேட்டால்,
அது உங்களுக்கும் கம்பனிக்கும் இடைப்பட்ட விடயம்.

கூட்டத்தில் மருந்துக்கடை சாலிஹ் சொன்னார்:
மேலதிக அரை மடங்கை மாகாணம் கட்டட்டும்,
மிச்சத்தை நாங்கள் பார்ப்போம்.
ஐஸ் தொழிற்சாலைக்காரர் சொன்னார்:
ஆம் என்று எழுதினவர்களை விட்டுவிட்டு
மற்றவர்களுக்கு மட்டும் எடுத்தால் மலிவுதானே.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
நகுலேசன் குனிந்து
காற்சட்டைக் காலை முழங்கால்வரை சுருட்டினார்,
ஒன்றும் சொல்லாமல்.
அந்த யோசனை கூட்டக் குறிப்பில் இல்லை.

காந்த ஸ்கான் ஒன்றும் கேட்டு எழுதியிருந்தேன்.
டொக்ரர் அம்மா தொலைபேசியில் சொன்னா:
"அது பெரிய காந்தம். இரும்போட இருக்கிற ஆக்களை
யோசிக்காமல் உள்ளுக்கு விடேலாது."
அந்த வரியை வெட்டினேன்.
வெட்டிய இடம் தெரியாமலிருக்க
முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதினேன்.

இறப்பர் முத்திரையில் மை காய்ந்திருந்தது.
பொருளாளர் வாயால் ஊதி ஊதி மூன்றுதரம் குத்தினார்.
நாலு கிழமையில் பதில் வந்தது:
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது,
உரிய நடவடிக்கைக்காக உரியவர்க்கு அனுப்பப்பட்டுள்ளது.

தவணைத் திகதி உரியவருக்காகக் காத்திருக்காது.
தவிடு விற்ற காசில்
ஒன்றரை மடங்கைக் கட்டினேன்.

பற்றுச்சீட்டில் பதினாறு பெயர்.
கோணேஸ் இன்னும் படிவம் தரவில்லை.
பேனையும் கையுமாய் அவியல் தொட்டியடியில் இருக்கிறான்.
எங்கே என்ற பெட்டிக்குள்
இன்றைய இடத்தை எழுதுவதா, போன மாரியின் இடத்தையா
என்று கேட்கிறான்.