கூரையில் ஒரு மத்தியானம்

மீட்டர் பார்க்க வந்த பொடியன்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருக்காப் பார்த்தான்.
"என்னக்கா, உள்ளுக்கு ஐஸ் கம்பனி நடத்துறீங்களா?"
இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன்.
வார்ட்டின் டெட்டோல் மணம் இன்னும் கையில்.
ஐஸ் இல்லை தம்பி, நெருப்பு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

கல்லடியில் சுடுதண்ணிக்கு மெஷின் பூட்டினவர்களை
ஊர் ஒருமாதிரித்தான் பார்க்கும்.
சித்திரை மத்தியானம் குழாயைத் திறந்தால்
கேட்காமலே கொதித்துக்கொண்டு வருகிற ஊர் இது.
ஆனால் காலை ஏழரைக்கு,
பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கால்களுக்கு,
மார்கழிக் கூதலில்
அந்த மத்தியானத்தை யார் கொண்டுவந்து தருவார்?

குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தந்தது.
சிவப்பாய் ஒற்றைக் கண்.
லோகிதன் கட்டாரால் வரும்போது
கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்தது.
அதைப் போட அவர் மறக்கமாட்டார். நிறுத்த மறப்பார்.
நான் வேலையில் நிற்கிற இரவுகளிலும்
ஆளில்லாத குளியலறையில்
தனக்குத்தானே கொதித்துக்கொண்டிருக்கும்.

கரண்ட் பில்லை வெளிச்சத்துக்குப் பிடித்து
எக்ஸ்ரே பார்ப்பதுபோல இரண்டு தரம் பார்த்தேன்.
மறுகா
நலன்புரிச் சங்கத்தில் கடனுக்கு எழுதினேன்.
இருபத்துநாலு தவணை.

காத்தான்குடி நஸ்மீர் கூரையில் ஏறினார்.
கிழக்கே கடல், மேற்கே வாவி.
இரண்டையும் பாராமல்
தெற்குப் பக்கம் சரித்து வைத்தார்
பதினைந்து கண்ணாடிக் குழாய்களை.
தலைமாட்டில் ஒரு தொட்டி,
அதற்குத் தடித்த நுரைச் சட்டை.
பழைய பெட்டியைக் கழற்றிப் பிரித்தபோது
உள்ளிருந்த சுருளில்
விரல் மொத்தத்துக்கு வெள்ளையாய்ப் படிந்திருந்தது
எங்கள் கிணற்றின் சவர்.
முருகைக்கல்லேதான்.
"இது சூடேறி முடிஞ்ச பிறகுதான்
உங்கட தண்ணிக்குச் சூடு போயிருக்கு" என்றார்.
ஆறு வருசம் காசு கட்டி
ஒரு கல்லைக் குளிப்பாட்டியிருக்கிறோம்.

முதல் கிழமை
லோகிதன் ஏணி வைத்து ஏறினார்.
தொட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.
"குளிர்ந்துபோய்க் கிடக்கு. ஏமாத்திப்போட்டான்."
உள்ளே அறுபது பாகை.
வெளியில் தெரியவிடாமல் வைத்திருப்பதுதான்
அதன் வேலை என்று விளங்கப்படுத்த
ஒரு பின்னேரம் போனது.
பதினொரு வருசமாய் அப்படியொரு ஆளோடு
குடியிருக்கிறார். தெரியாதாம்.

ஐப்பசிக் கடைசியில் மழை.
மூன்று நாள் சூரியன் வேலைக்கு வரவில்லை.
லீவுக் கடிதமும் இல்லை.
நாலாம் நாள் தொட்டிக்குள் வெறுந்தண்ணி.
பக்கத்து வீட்டுத் திரவியமலர் மதிலால் எட்டிப் பார்த்தா:
"இப்ப என்னகா செய்யப்போறாய்?"
என்ன செய்கிறது?
பெரிய சட்டியில் அளந்து ஊற்றிக்
காய்ச்சி, விளாவி,
ஒரு வாளிக்குக் கணக்காய் எடுத்தேன்.
ஊற்றி முடியத்தான் தெரிந்தது
இவ்வளவு காலமும் எனக்கு வேண்டியிருந்தது
ஒரு வாளிதான்.

தை பிறந்து வெயில் திரும்பியது.
நேற்றிரவு இரண்டு பேருக்கு ஒட்சிசன்,
ஒருவருக்கு வெள்ளைத் துணி.
பாலத்தால் நடந்து வரும்போது
என் முகத்தை நானே பார்க்க விரும்பவில்லை.

குழாயைத் திறக்கிறேன்.
நேற்றைய மத்தியானம்,
யன்னலுக்குச் சீலை போட்டு நான் தூங்கியபோது
இந்த ஊர் முழுக்க அடித்தது,
நான் காணாதது,
பிடரியில் விழுகிறது.

கேற்றடியில் மீட்டர் பொடியன் மணியடிக்கிறான்.
நிற்கட்டும்.