நானூறு மில்லி

இருபது லிட்டர் பெட்ரோலுக்கு
நானூறு மில்லி எண்ணெய்.
உப்பெர்னாவிக்கில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.
குறைந்தால் பிஸ்டன் இறுகும்,
கூடினால் புகையும்.

அக்டோபர் குளிரில் எண்ணெய் அசையாது.
டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றி
கையுறையைப் பல்லால் உருவி
இருட்டில் ஊற்றினேன்.
சிவப்புக் கேனை இடுப்பில் இடுக்கிக் குலுக்கினேன்.
பீத்தாராக்கிடம் சொல்லவில்லை.
நான்கு நாளாக எதையுமே சொல்லவில்லை.

தூண்டில் கயிறு போட்ட இடத்துக்குப்
பாதி வழியில் மோட்டார் இருமியது.
நீலப் புகை எங்கள் பின்னால் ஊர்வரைக்கும்,
வீட்டுச் சண்டையைக் கொடியில் காயப்போட்டதுபோல்.
பிறகு நின்றது.

எங்கோ ஒரு பனிப்பாறை விரிசல் விட்டது.
பிளக்கைக் கழற்றினான். கருப்பு. ஈரம்.
என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"நீயும் ஊற்றினாயா?"

"நீயுமா?"

மஃப்ளர் நுனியால் பிளக்கைத் துடைத்தேன்.
கேனில் மிச்சம் பத்து லிட்டர்.
அணியத்தில் ஒரு ஜாடி வெறும் பெட்ரோல்,
அதுவும் பத்து.
அவன் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான்,
நான் அதற்குள் புனலைப் பிடித்திருந்தேன்.

ஊற்றும்போது என் கையில் சிந்திவிட்டான்,
விறைத்துப் போயிற்று.
திட்டினேன்,
நான்கு நாள் பாக்கியையும் சேர்த்து.